வால்சிங்கம் போகிறவர்கள் கடலையும் பார்ப்பதென்றால்: நார்ஃபோக்கில் எங்கே தங்கலாம்?

வெல்ஸ் படகுத்துறையில் காரை விட்டு இறங்கியதும் அம்மா கேட்டது, “கடல் எங்கடி?”

ஊர்ப்பெயரிலேயே கடல் இருக்கிறது: வெல்ஸ்-நெக்ஸ்ட்-த-சீ. ஆனால் அந்த நண்பகலில் எங்கள் எதிரே இருந்தது சேறும், நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்காலும்தான். படகுகள் வயிறு தெரிய ஒருக்களித்துக் கிடந்தன. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் இதைக் கடற்கரை என்று சொன்னால் எப்படி நம்புவார்? மாலை ஏழு மணிக்குத் திரும்ப வந்தோம். அதே இடத்தில் தண்ணீர் துறையின் விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. படகுகள் எல்லாம் எழுந்து நின்றிருந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, விரலை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தார்.

இங்கிலாந்தில் இருக்கும் தமிழர்களில் பலருக்குக் கிழக்குக் கரையிலுள்ள நார்ஃபோக் மாவட்டம் என்றால் வால்சிங்கம் மாதா கோயில்தான். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் நடக்கும் தமிழர் யாத்திரைக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். லண்டனிலிருந்து விடிகாலையில் கிளம்பி, பூசை முடிந்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் புல்வெளியில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். நாங்களும் முதல் வருடம் அப்படித்தான் வந்து போனோம். அங்கிருந்து ஐந்தே மைலில் கடல் இருக்கிறது என்பது வீட்டுக்குப் போய் வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம் நான்கு தடவை போய்விட்டோம், ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு ஊரில் தங்கினோம். ஒரு முறை காரில், மற்ற முறைகள் ரயிலிலும் பஸ்ஸிலும். “மூன்று ராத்திரி தங்குவதென்றால் எங்கே?” என்று தெரிந்தவர்கள் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட நீங்கள் தயார்? வெல்ஸில் இருந்தால் கடல் ஏறி இறங்கும் நேரப்படிதான் நாள் நகரும். ஷெரிங்கமில் ரயில் நேரம். ராக்ஸமில் படகை எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது. எந்த ஊர் அழகு என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம், இதைக் கேட்டால் பதில் தானாக வந்துவிடும்.

ஊர்ப்பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. ஹேஸ்பரோ என்று சொல்லும் ஊரின் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘ஹேப்பிஸ்பர்க்’ என்றுதான் வரும். வின்டம், க்ளை எல்லாம் அதே கதை. தமிழில் எழுதும்போது ஒலிக்கிறபடியே எழுதிவிடலாம், பஸ் டிரைவர் முழிக்க மாட்டார்.

வெல்ஸிலிருந்தே தொடங்குகிறேன், யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு அதுதான் பக்கம். வெல்ஸுக்கும் வால்சிங்கத்துக்கும் நடுவே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் பத்தேகால் அங்குலம். ஒரு சாண், அதற்கு மேல் இரண்டு விரல் சேர்த்தால் அவ்வளவுதான். அந்த அகலத்தில் உலகிலேயே நீளமான பாதை இது என்கிறார்கள்: சுமார் நாலு மைல், அரை மணி நேரம். முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துகொண்டு கோதுமை வயல்களுக்கு நடுவே போகும்போது குழந்தைகளைவிட என் கணவர்தான் அதிகம் சிரித்தார். குளிர்காலத்தில் ஓடாது.

வால்சிங்கத்தின் கதை 1061இல் தொடங்குவதாக மரபு. ரிச்செல்டிஸ் என்ற சீமாட்டிக்கு மாதா காட்சி தந்து, நாசரேத் வீட்டைப் போல ஒன்று கட்டச் சொன்னாராம். எட்டாம் ஹென்றியே இளமையில் இங்கே யாத்திரை வந்தவர். 1538இல் அவர் ஆட்சியிலேயே எல்லாம் இடிபட்டது. தப்பியவற்றில் ஒன்று ஊருக்கு ஒரு மைல் தெற்கே இருக்கும் ஸ்லிப்பர் சேப்பல். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பக்தர்கள் செருப்பை இங்கே கழற்றிவிட்டு மிச்சமிருக்கும் ஒரு மைலை வெறுங்காலோடு நடந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு வேளாங்கண்ணிக்கு நடப்பதற்கு மதம் ஒரு தடையா என்ன? அம்மா காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். இது தார் ரோடு, காரும் வரும், ஓரமாகப் போங்கள்.

வெல்ஸில் தங்கினால் கிடைக்கும் பெரிய வரம் கடற்கரைதான். படகுத்துறையிலிருந்து ஒரு மைல், கரைமேட்டின் மேலேயே நடக்கலாம். பைன் மரக்காட்டைத் தாண்டியதும் மரக்கால்களில் நிற்கும் வண்ண வண்ணக் குடில்கள் வரிசையாக. மேற்கே போனால் ஹோல்கம். மணல் பறந்து வயலை மூடாமல் இருக்கப் பண்ணைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் நட்ட பைன்கள்தான் இந்தக் காடு. வற்றும் நேரத்தில் மணல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை போகும், கடல் ஒரு வெள்ளிக்கோடாகத் தெரியும்.

இங்கேதான் கடிகாரம் முக்கியம். மறுநாள் பிற்பகலில் பிள்ளைகள் கணுக்கால் தண்ணீரைத் தாண்டி எதிர் மணல்திட்டில் கோட்டை கட்டப் போனார்கள். திடீரென்று சைரன் ஒலித்தது. கடல் ஏறப்போகிறது, இக்கரைக்கு வா என்று அர்த்தம். தெரியாதவர்கள் சைரனைக் கேட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நாங்களும் நின்றோம். போகும்போது கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் வரும்போது என் இடுப்பைத் தொட்டது. கடல் முன்னாலிருந்து அலையடித்துக்கொண்டு வருவதில்லை, பின்னால் இருக்கும் வாய்க்காலை ஓசையில்லாமல் நிரப்பிவிட்டுத்தான் வருகிறது. சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த என் கணவருக்கு அன்று ராத்திரி முழுக்கத் திட்டு.

சதுப்பு நிலத்தில் முளைக்கும் சாம்ஃபயர் என்ற கீரையைக் கோடையில் மீன்கடைகளில் விற்கிறார்கள். விரல் விரலாக, உப்புக் கரிக்கும். “இது நம்ம உமரி மாதிரி இருக்கே” என்று அம்மா ஒரு கொத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒரு கொதி விட்டு வெண்ணெய் போட்டுச் சாப்பிடுகிறார்கள். நாங்கள் தேங்காய் போட்டு வதக்கினோம். உப்பு மட்டும் சேர்க்கவே கூடாது.

சீல் என்னும் கடல்நாய்களைப் பார்க்கப் படகு பக்கத்திலிருக்கும் மார்ஸ்டன் துறையிலிருந்து கிளம்பும். பிளேக்னி முனையின் மணல்திட்டில் அவை மூட்டை மூட்டையாகப் படுத்திருக்கும், படகு கிட்டே போனால் ஒன்றிரண்டு தலையைத் தூக்கிப் பார்க்கும், அவ்வளவுதான் மரியாதை. ஒரு மணி நேரப் பயணம். ஆனால் துறையில் தண்ணீர் இருந்தால்தான் படகு. கடல் ஏறும் நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். அதனால் இன்று பத்து மணிக்குப் போன படகு நாளை பதினொன்றுக்குப் போகும். நாள் குறித்த பிறகு நேரம் பார்க்காதீர்கள், நேரம் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

வெல்ஸின் குறை: ரயில் இல்லை, பஸ்தான். கோடையில் வீடுகளை வாரக்கணக்கில்தான் தருவேன் என்பவர்கள் அதிகம். மூன்று ராத்திரிக்கு இடம் கிடைத்தாலும் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

கார் இல்லாதவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு, என் ஓட்டு ஷெரிங்கமுக்கு. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து நாரிச்சுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ரயில் வந்துவிடும். அங்கே மாறினால் இன்னொரு மணி நேரத்தில் ஷெரிங்கம். வழியில் ராக்ஸமும் க்ரோமரும் அதே தடத்தில் இருக்கின்றன. க்ரோமரில் ரயில் முட்டி நின்று, ஓட்டுநர் இறங்கி அடுத்த முனைக்கு நடந்து போய், வந்த திசையிலேயே கிளப்புவார். தவறான ரயிலில் ஏறிவிட்டோமோ என்று அம்மாவுக்கு ஒரே பதற்றம்.

இங்கே கடல் ஓடிப்போவதில்லை. ஏறும் நேரத்தில் மணல் முழுகும், கூழாங்கல் மட்டும் மிஞ்சும். வற்றும் நேரத்தில் மணல் வரும். எப்போது போனாலும் அலையும் உட்கார பெஞ்சும் கூப்பிடு தூரத்தில் டீயும் கழிப்பறையும் உண்டு. அறுபதைத் தாண்டியவர்களோடு பயணம் போனவர்களுக்குக் கடைசி இரண்டின் அருமை தெரியும். ஷெரிங்கமில் கடலோர நடைபாதை முழங்காலுக்கு எளிது. க்ரோமரில் ஊர் மேட்டில், கடல் பள்ளத்தில். இறங்கிவிடலாம், ஏறும்போது இரண்டு இடத்தில் நிற்க வேண்டும்.

ஆனாலும் க்ரோமருக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். 1901இல் திறந்த, மரப்பலகை பாவிய நடைபாலம் கடலுக்குள் நீண்டு நிற்கிறது, அதன் நுனியில் ஒரு நாடக அரங்கு இன்னும் நடக்கிறது. ஹென்றி பிளாக் என்ற உயிர்காப்புப் படகோட்டிக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. மூழ்கும் கப்பல்களிலிருந்து ஆட்களைக் காப்பாற்றியதற்காக மூன்று முறை தங்கப் பதக்கம் வாங்கியவர், இந்த ஊர் நண்டுக்காரர். பிள்ளைகள் அங்கே ஒரு மணி நேரம் அசையவில்லை.

நண்டு என்றதும் சொல்லியாக வேண்டும். க்ரோமர் நண்டு சின்னது, இனிப்பானது. சதையை எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டுக்குள்ளேயே அடைத்து, வெள்ளைச் சதை ஒரு பக்கம், பழுப்புச் சதை ஒரு பக்கமாக, ஜில்லென்று எலுமிச்சையோடு தருவார்கள். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, “நல்ல நண்டை இப்படிப் பச்சைத் தண்ணி மாதிரி ஆக்கிட்டாங்களே” என்றார். மறுநாள் நாலு வாங்கி, தங்கியிருந்த வீட்டு அடுப்பில் சின்ன வெங்காயமும் மிளகும் சோம்பும் போட்டுப் புரட்டினார். அவித்த நண்டுதான், அதனால் மசாலா நன்றாக வதங்கிய பிறகு கடைசியில் சேர்த்து இரண்டு நிமிடம் பிரட்டினால் போதும். ஜன்னல் நான்கையும் திறந்து வைத்தும் வாசம் போகவில்லை. சமையலறை உள்ள இடமாக எடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

க்ரோமரிலிருந்து ஷெரிங்கமுக்கு ஐந்து மைல் நடக்கலாம். அலுத்தால் நடுவில் வெஸ்ட் ரன்டன் நிலையத்தில் ரயிலேறிவிடலாம். அந்த வெஸ்ட் ரன்டன் கடற்கரை மேட்டிலிருந்துதான் 1990இல் ஒரு மாமத் யானையின் எலும்பு தலைகாட்டியது. தோண்டத் தோண்டக் கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடும் வந்துவிட்டது. ஷெரிங்கமிலிருந்து ஹோல்ட் வரை நீராவி ரயில் ஓடுகிறது. கடலோரமாக வெல்ஸ் பக்கம் போகும் பஸ் மார்ஸ்டன் வழியாகவே போவதால், கார் இல்லாமலே சீல் படகையும் பிடித்துவிடலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு.

மூன்றாவது, ராக்ஸம். நீர்நிலைகளின் ஊர், இங்கே கடல் இல்லை. நார்ஃபோக் பிராட்ஸ் என்று சொல்லும் இந்த ஏரிகள் இயற்கையாக உண்டானவை என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்த்தார். கரைகள் செங்குத்தாக, அடி தட்டையாக இருந்தன. ஆறு அரித்த பள்ளம் அப்படி இருக்காது. இடைக்கால மக்கள் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டிய குழிகள் அவை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வெட்டி வெட்டி எடுத்தார்கள், பிறகு நீர்மட்டம் உயர்ந்து குழிகள் நிரம்பி ஏரிகளாயின. இப்போது 200 கிலோமீட்டருக்கு மடைக்கதவே இல்லாமல் படகு ஓட்டலாம்.

படகை நீங்களேதான் ஓட்ட வேண்டும், உரிமம் எதுவும் வேண்டாம். பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்து, உயிர்காப்பு அங்கி மாட்டி அனுப்பிவிடுவார்கள். வேக வரம்பு மணிக்கு மூன்றிலிருந்து ஆறு மைல். சக்கரத்தைத் திருப்பினால் படகு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அது திரும்பவில்லையே என்று இன்னும் கொஞ்சம் திருப்பினால் நாணலுக்குள் மூக்கை விட்டுக்கொள்ளும். எங்களுக்கு இரண்டு முறை அப்படி ஆனது. அம்மாவுக்கு நான்கு இடங்களிலும் பிடித்த நாள் இதுதான்: நடக்க வேண்டாம், ஏற வேண்டாம், மடியில் புளிசாத டப்பா, கரையெல்லாம் கூரை வேய்ந்த வீடுகள்.

ராக்ஸமிலிருந்து ஆற்றோடு போனால் ரான்வர்த். அங்கே தேவாலயக் கோபுரத்துக்கு 89 குறுகிய படிகள், பிறகு ஏணி, கடைசியில் தலையால் முட்டித் திறக்கும் கதவு. மேலே நின்றால் நாணலுக்கு நடுவே பாய்மரங்கள் மட்டும் நகர்வது தெரியும், தண்ணீர் தெரியாது. மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை வந்தால் ஸ்வாலோடெயில் என்ற பெரிய மஞ்சள் பட்டாம்பூச்சி கண்ணில் படலாம். பிரிட்டனில் அது வாழ்வது இந்தச் சதுப்பில் மட்டுமே.

ஆனால் மூன்று ராத்திரி? எனக்கு ஒத்துவரவில்லை. முதல் நாள் சொர்க்கம், இரண்டாம் நாள் அதே நாணல் சுவர். படகிலேயே படுத்துறங்கும் ஏற்பாடென்றால் வேறு கதை. இல்லையென்றால் ஷெரிங்கமிலோ நாரிச்சிலோ தங்கி, ரயிலில் வந்து, ஒரு நாள் படகோட்டிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

நாரிச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நல்ல நகரம். 1096இல் கட்டத் தொடங்கிய பேராலயம், 96 மீட்டர் கூர்கோபுரம், ஊர் நடுவே நிரந்தரச் சந்தை. மழை பெய்தால் ஒதுங்க இடமுண்டு, எல்லா ரயிலும் அங்கிருந்துதான். ஆனால் கிராமமும் கடலும் பார்க்க வந்துவிட்டு நகரத்து ஹோட்டலில் விழித்தெழுவது எனக்குச் சரிப்படவில்லை.

ஹன்ஸ்டன்டனில் நாங்கள் தங்கவில்லை, போய்ப் பார்த்தோம். கிழக்குக் கரை மாவட்டத்தில் மேற்கு பார்த்த ஊர், அதனால் சூரியன் கடலில் விழும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு, நடுவே சிவப்பு, அடியில் பழுப்பு என்று அடுக்கடுக்காக வெட்டி வைத்த பர்ஃபி போலப் பாறை. மாலை நேரத்துக்காக மட்டும் போய்வரலாம்.

கார் இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். இந்த மாவட்டத்தில் மோட்டார்வே கிடையாது, ஒரு டிராக்டர் முன்னால் போனால் அதன் பின்னால்தான் எல்லாரும். ஆனால் ஹேஸ்பரோ போன்ற இடங்களுக்கு அதுதான் வழி. சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம், அதன் கீழே வருடா வருடம் கடல் தின்றுகொண்டிருக்கும் கரை. 2013இல் அந்தக் கரையில் எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழைய மனிதக் காலடிகள் வெளிப்பட்டு, இரண்டு வாரத்துக்குள் அலையில் கரைந்துபோயின. குளிர்காலத்தில் ஹார்ஸி கடற்கரையில் சீல்கள் குட்டி போடும், நவம்பர் முதல் ஜனவரி வரை. அதற்கும் கார் வேண்டும். கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள். ஆள் நெருங்கினால் தாய் குட்டியை விட்டுவிட்டுப் போய்விடக்கூடும்.

யாத்திரையோடு சேர்த்து, காரும் இருந்து, பிள்ளைகளுக்கு மணல் வேண்டுமென்றால் வெல்ஸ். கார் இல்லை, அம்மா அப்பா கூட வருகிறார்கள் என்றால் ஷெரிங்கம், அதில் ஒரு நாள் ராக்ஸம். அடுத்த ஜூலைக்கு நாங்கள் வெல்ஸையே மறுபடி எடுக்கலாம் என்றிருக்கிறோம், ஆனால் இந்த முறை நாளை அம்மாதான் குறிக்கிறார்.

அன்று துறையில் விரல் விட்டு எண்ணியது திதியை. “அன்னிக்கு அமாவாசை. அதான் மத்தியானம் அவ்வளவு வத்திக் கிடந்தது” என்றார். சரிபார்த்தேன், சரிதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வெல்ஸில் கோடையில் காலையும் மாலையும் ஏழு, எட்டு மணி வாக்கில் கடல் ஏறும், நண்பகலுக்குச் சற்றுப் பின்னால் வற்றிக் கிடக்கும். ஒரு வாரம் கழித்து அது தலைகீழாகும்: ஏற்றம் சின்னதுதான், ஆனால் பகல் ஒரு மணி வாக்கில் தண்ணீர் இருக்கும், படகுக்கும் வசதி. ஆக, வளர்பிறையில் எட்டாம் நாளை ஒட்டிக் கிளம்பினால் பொருத்தமாக இருக்கும் என்றேன்.

அம்மா தினசரிக் காலண்டரை மூடிவிட்டார். “அஷ்டமியில யாராவது ஊருக்குக் கிளம்புவாங்களா?”